வீட்டுக்குள் பாம்பு, மரநாய், குரங்கு, யானை: அறிகுறியைப் பார்த்து வழியைக் கண்டுபிடித்து அடைப்பது

கோபி, அந்தியூர், சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் ஓட்டு வீடுகளுக்கும் தோட்டத்துச் சாளைகளுக்கும் பழுது வேலை பார்க்கிறேன். ஓடு மாற்றுவது, சுவர் பூசுவது, ஜன்னலுக்கு வலை அடிப்பது, இதுதான் தொழில். ஆனால் மழை இறங்கியதும் வருகிற போன்கள் வேறு மாதிரி இருக்கும். "ஏனுங்க, ராத்திரியானா மேல என்னமோ ஓடுதுங்க" என்பார்கள். "பொடக்காளியில பாம்பு சட்டை உரிச்சுப் போட்டிருக்குதுங்க" என்பார்கள், பொடக்காளி என்றால் வீட்டின் கொல்லைப்புறம். போய்ப் பார்த்தால் எல்லா வீட்டிலும் அதே நாலைந்து ஓட்டைகள்தான். அதனால் எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஆள் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று விஷயம். தீனியை எடுக்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும், எனவே தீனி முதலில், அடைப்பு அப்புறம். இரண்டாவது, உள்ளே உயிர் இருக்கும்போது அடைக்கவே கூடாது. உள்ளே செத்து வாரக்கணக்கில் நாறும், குட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் தாய் வெளியிலிருந்து கூரையையே பிய்க்கும். மூன்றாவது, 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பு, உடும்பு, மரநாய், மயில் எதையும் நாமாகப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. இதில் சொல்லியிருப்பது எல்லாம் வராமல் தடுக்கிற வேலை மட்டும்தான்.

## ராத்திரியில் கூரைக்கு மேலே சத்தம்

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். எந்த நேரத்தில், எந்த மூலையில், எப்படி என்று இரண்டு ராத்திரி கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

### குறுகுறு என்று ஓடுகிறது, கொறிக்கிறது

எலி. அட்டாலியில் (பரணில்) ஏறி புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு இருந்தால் வீட்டெலி. நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது பல்லி, கவலை வேண்டாம். விரலில் படாமல் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள், பொலபொலவென்று பொடியாகி உள்ளே பூச்சி இறக்கை மினுங்கினால் வௌவால்.

காசில்லாத வேலையிலிருந்து தொடங்கலாம். அரிசி, பருப்பு, கடலை, கோழித் தீவனம், மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டை, புண்ணாக்கு எல்லாவற்றையும் மூடி இறுக்கமான டிரம்முக்கு மாற்றுங்கள். சாக்கு மூட்டையை எலி ஒரே ராத்திரியில் அறுத்துவிடும். ராத்திரி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், நாய்க்கு வைத்த சோற்றை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஓட்டை. சுண்டெலிக்கு ஆறேழு மில்லிமீட்டர் சந்து போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும் என்று கணக்கு. பெரிய எலிக்கு அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். சமையலறை சிங்க் குழாய் சுவரைத் துளைக்கிற இடம், ஏசி பைப் போகிற ஓட்டை, கரண்ட் பைப் வருகிற ஓட்டை, கதவுக்குக் கீழே இருக்கிற இடைவெளி, கைமரம் சுவரில் உட்காருகிற இடம், இவ்வளவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எலி தினமும் உரசிப் போகிற இடத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை படிந்திருக்கும்.

எந்த ஓட்டையில் நடமாட்டம் இருக்கிறது என்று தெரியவில்லையா, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து விடுங்கள். காலையில் வெளியே கிடந்தால் அதுதான் வழி. அடைப்பதற்கு, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து அதன் மேல் சிமெண்ட் பூசுங்கள். ஸ்ப்ரே டப்பாவில் வருகிற ஃபோம் மட்டும் அடித்தால் கொறித்துவிடும், அதைச் சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

எலி மருந்து வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. எலி சீலிங்குக்குள் செத்தால் ஓடுகளைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், அதைத் தின்ற பூனையும் கூகை ஆந்தையும் சாகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை மனிதனின் கல்லீரலை அழிக்கிற விஷம், குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. பசை அட்டையும் வேண்டாம், எலியைத் தேடி வந்த பாம்பு அதில் ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய எலிப்பொறி போதும், கருவாட்டுத் துண்டு வைத்துச் சுவர் ஓரமாக வையுங்கள்.

எலியை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாம்பு, கூகை, வெருகு என்கிற காட்டுப்பூனை எல்லாம் வீட்டுப் பக்கம் வருவது பெரும்பாலும் எலியைத் தேடித்தான். இதைச் சரிசெய்யாமல் கீழே இருக்கிற எந்தத் தலைப்பும் பலன் தராது.

### 'தொப்' என்று குதிக்கிற சத்தம், ஓடு நகர்கிறது

மரநாய். பூனையை விட நீளமாக, வால் உடம்பு அளவுக்கு இருக்கும். பத்து மணிக்கு மேல் இறங்கி விடியும் முன் திரும்பி வரும், அதனால் சத்தம் அந்த இரண்டு நேரத்திலும்தான் அதிகம். மொட்டை மாடியிலோ ஓட்டின் மேலோ ஒரே இடத்தில் எச்சம் போடும், அதில் பப்பாளி விதை, ஈச்சங்கொட்டை, வேப்பங்கொட்டை முழுசாகக் கிடக்கும். சீலிங்கில் மூத்திரக் கறை மஞ்சளாக இறங்கும். சில வீடுகளில் பச்சரிசி வேகிற மாதிரி ஒரு வாசம் வரும், ஆத்தாமார்கள் அதைப் பாம்பு வாசம் என்று சொல்லிப் பயந்து கிடப்பார்கள்.

கூரைக்குச் சாய்ந்த கிளையை வெட்டுவதுதான் முதல் வேலை. தென்னை ஓலை, மா, முருங்கை எதுவாக இருந்தாலும் கூரையிலிருந்து ஆறேழு அடி தள்ளி இருக்கட்டும். கீழே விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்குங்கள். அடுத்தது வழி. பழைய மங்களூர் ஓட்டு வீட்டில் முகட்டு ஓட்டின் சாந்து விட்டிருக்கும், இல்லாவிட்டால் முக்கோணச் சுவரில் காற்றுக்கு விட்ட ஜன்னல் உடைந்திருக்கும். சிமெண்ட் அட்டை, தகர சீட் போட்ட வீட்டில் அலை அலையாக இருக்கிற வளைவுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருக்கும்.

அடைப்பதற்கு முன் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் சீலிங்குக்குள் சன்னமாகக் கீச்சுச் சத்தம் வந்தால் குட்டி இருக்கிறது. அப்படி இருந்தால் அவை தாயோடு வெளியே போகிற வரைக்கும் சில வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டி இல்லையென்றால் வழியில் கோலமாவைத் தூவிவிட்டு, ராத்திரி வெளியே போன தடம் விழுந்ததும் வெல்ட் மெஷ் வைத்து ஆணியடித்து மூடிவிடலாம். அரை அங்குலக் கண்ணுள்ள வலையாக வாங்குங்கள், கோழி வலையைப் பிய்த்துவிடும். மறுநாள் உள்ளே சத்தம் கேட்டால் உடனே திறந்துவிட வேண்டும்.

முகட்டு ஓடுகளைப் பிரித்து வைக்கிற வேலைக்கு ஓடு போடுகிற ஆளைக் கூப்பிடுங்கள். நனைந்த ஓட்டின் மேல் நீங்களே ஏற வேண்டாம்.

### பொழுது சாய்கிற நேரத்தில் படபடப்பு

வௌவால். இருட்டத் தொடங்கும்போது வெளியே நின்று பாருங்கள், எந்தச் சந்திலிருந்து வரிசையாகக் கிளம்புகிறது என்று தெரியும். விரல் அகலச் சந்து போதும் அதற்கு. பகலில் கலைத்து விரட்டினால் வீட்டுக்குள்தான் பறக்கும். வெளியேறும் சந்தின் மேல் ஒரு வலைத்துணியை மேல் பக்கமும் இரண்டு பக்கமும் ஒட்டி, கீழ்ப் பக்கம் மட்டும் தொங்க விடுங்கள். வெளியே போவது ஊர்ந்து இறங்கிப் போய்விடும், திரும்பி வரத் தெரியாது. சத்தம் ஓய்ந்த பின் நிரந்தரமாகப் பூசுங்கள். குட்டி பறக்காத காலத்தில் இந்த வேலை கூடாது. எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டக் கூடாது, தண்ணீர் தெளித்து, மூக்கு வாயை மூடிக்கொண்டு அள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கையால் பிடித்துக் கடி வாங்கினால் வெறிநாய்க் கடிக்குப் போடுகிற ஊசிக்குப் போயே ஆக வேண்டும்.

### நீளமாகச் சீறுகிறது

கீழே முடியும் சின்ன எலும்பும் உருண்டையாகக் கிடந்து, சுவரில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி எச்சம் இருந்தால் கூகை. அபசகுனம் என்று கல்லெறிவார்கள், தயவு செய்து வேண்டாம். ஒரு கூகைக் குடும்பம் பிடிக்கிற எலியை உங்கள் பொறி பிடிக்காது. குஞ்சு பறந்ததும் அடைத்துக்கொள்ளலாம், இடைஞ்சல் இல்லையென்றால் விட்டேவிடலாம்.

## பாம்பு, அல்லது பாம்புச் சட்டை

### இப்போது கண்ணெதிரே இருக்கிறது

அடிக்காதீர்கள், தாண்டாதீர்கள். குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு ஆள் மட்டும் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்க்கட்டும். எங்கே புகுந்தது என்று தெரியாமல் போனால் பிடிக்க வருபவருக்கு வேலை பத்து மடங்கு. அறையில் இருந்தால் கதவைச் சாத்திக் கீழ் இடைவெளியில் ஈரத்துணியைச் சுருட்டித் திணியுங்கள். 101 அல்லது 112-க்கு அடித்தால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள், வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லலாம். அந்த எண்ணை இன்றைக்கே வாங்கிச் சுவரில் எழுதி வையுங்கள்.

விஷமில்லாத பாம்புதான் என்று நீங்களே முடிவு பண்ண வேண்டாம். வெள்ளிக்கோல் வரையன் என்று ஒரு பாம்பு வீட்டுச் சுவரில் ஏறும், விஷமில்லை. ஆனால் பார்ப்பதற்குக் கட்டுவிரியன் மாதிரியே பட்டை போட்டிருக்கும். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அனுபவப்பட்டவர்களே தடுமாறுவார்கள்.

### சட்டை மட்டும் கிடக்கிறது, அல்லது அடிக்கடி வருகிறது

சட்டை கிடந்தால் பக்கத்திலேயே தங்குகிற இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கிற வரிசை இது.

வீட்டைச் சுற்றி முதலில். சுவரை ஒட்டி அடுக்கிய செங்கல், விறகு, தேங்காய் மட்டை, பழைய ஓடு, உடைந்த ஹாலோ பிளாக், சோளத்தட்டுப் போர். கட்டி முடித்த பிறகு மிஞ்சிய சாமானைச் சுவர் ஓரமாகவே வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள், பாம்புக்கு அதை விட நல்ல இடம் கிடையாது. எல்லாவற்றையும் வீட்டிலிருந்து தூரமாக, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கட்டை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். விறகை எடுக்கும்போது கை விடாமல் குச்சியால் முதலில் தட்டுங்கள். சுவரைச் சுற்றி மூன்றடிக்குப் புல்லில்லாமல் வெறும் தரையாகவோ ஜல்லி போட்டோ வையுங்கள். கிளுவை வேலி வீட்டை ஒட்டி இருந்தால் அடிப்பாகத்துச் சருகைக் கூட்டிவிடுங்கள், வேலியை வெட்ட வேண்டியதில்லை.

அப்புறம் கதவு. தோட்டத்து வீடுகளில் பின்கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. கதவு அடியில் ரப்பர் பட்டை அடிப்பது சின்னச் செலவு, பாம்பு விஷயத்தில் இதைப் போலப் பலன் தருகிற செலவு வேறில்லை. உள்பக்கமாக நின்று விளக்கை அணைத்துப் பாருங்கள், வெளி வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் பாம்புக்குட்டிக்கு அது வாசல்தான்.

அடுத்தது தண்ணீர் போகிற வழி. குளியலறை ஜாலி மூடி உடைந்திருக்கிறதா, பொடக்காளித் தண்ணீர் வெளியே போகிற ஓட்டையில் வலை இருக்கிறதா, செப்டிக் டேங்க் சிலாப் மூலையில் பிளந்திருக்கிறதா. இந்த ஓட்டைகளுக்குத் துருப்பிடிக்காத எஸ்.எஸ். வலை வைத்துப் பூச வேண்டும், ஆறு மில்லிமீட்டர் கண்ணுக்கு மேல் போகக் கூடாது. செப்டிக் டேங்க் சிலாப்பை மாற்றுவதற்குக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். டேங்குக்குள் யாரும் இறங்கக் கூடாது, உள்ளே இருக்கிற வாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.

கடைசியாக, செலவு அதிகமானது தரை. பழைய வீட்டில் எலி வளை சுவருக்கு அடியில் போய் ஆசாரத்து (கூடத்து) தரைக்குக் கீழேயே இருக்கும். மேலே சொன்ன வேலையெல்லாம் முடித்த பிறகும் வருகிறதென்றால்தான் சுவரைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டும்.

பூண்டு, பெருங்காயம், பினாயில், வெள்ளைப் பூண்டுச் சாறு தெளித்தால் வராது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். பினாயில் தெளித்த படிக்கட்டிலேயே சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கார்பாலிக் அமிலம் பாம்பைத் தடுக்காது, குழந்தையின் தோலைப் பொசுக்கும். இந்த நம்பிக்கையில் ரப்பர் பட்டை அடிக்காமல் விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

### தரையில் படுக்கிறவர்கள் இருக்கிற வீடு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், தூங்குகிறவர் பக்கத்தில் போய்ப் புரண்டதும் கடிக்கும். கடி வலிக்காது, வீங்காது, பல் தடம் கூடச் சில நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை சொருகுதல் என்று தொடங்கும், வாயு என்று நினைத்து சோடா கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தோட்டத்தில் காவல் படுக்கிறவர்கள், களத்தில் படுக்கிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பங்கள் கட்டிலில் படுங்கள், கொசுவலை கட்டி அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கட்டில் இல்லாவிட்டாலும் தரையில் பாய்க்கு அடியில் வலையைச் செருகினாலே பெரிய பாதுகாப்பு. ராத்திரி இறங்கும்போது டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள்.

### கடித்துவிட்டது

108. வேறு யோசனை வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் ஒரு குச்சியோ அட்டையோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் கழற்றிவிடுங்கள். கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, பச்சிலைக்காரரிடம் நேரம் போக்கக் கூடாது. பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டு போக வேண்டியதும் இல்லை. நம்மூரில் பெரும்பாலான சாவுக்குக் காரணமான நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

## பகலில் சமையலறை கலைந்து கிடக்கிறது, ஓடு உடைகிறது

குரங்கு. ஆழியாறு, மருதமலை, பழனி அடிவாரம், கொடிவேரி, பவானிசாகர் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பயணிகள் பொரியும் பழமும் போட்டுப் பழக்கிய கூட்டம் அடுத்த தெரு வீட்டையும் அதே கண்ணோடுதான் பார்க்கிறது.

சமையலறை ஜன்னல் கம்பி நடுவே குட்டிக் குரங்கு நுழைந்து உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கிவிடும், எனவே கம்பி இருக்கிறது என்று நம்ப வேண்டாம். ஒரு அங்குல வெல்ட் மெஷ்ஷைக் கம்பிக்கு வெளிப்பக்கம் அடியுங்கள். கொசுவலை கிழிந்துவிடும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள், வடகம் வற்றல் காய வைத்தால் ஆள் இருக்கும்போது மட்டும் வையுங்கள், ஃபிரிட்ஜுக்குக் குழந்தைப் பூட்டு போடுங்கள். குப்பைத் தொட்டி வெளியே திறந்து கிடந்தால் மற்ற எல்லாம் வீண்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் அது வெளியே போகிற வழியைத் திறந்துவிட்டு நீங்கள் ஒதுங்குங்கள். வாசலை மறித்து நின்று கம்பு ஓங்கினால்தான் கடி விழும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வெறிநோய் ஊசி.

தெருவே சேர்ந்து செய்யாமல் குரங்குப் பிரச்சினை தீராது. ஒரு வீட்டில் பிஸ்கட் போடுகிறார்கள் என்றால் பத்து வீட்டில் ஓடு உடையும். கூட்டம் பெரிதாகி ஆள் மேல் பாய ஆரம்பித்தால் வனத்துறைக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். நீங்களாகக் கூண்டு வைக்க வேண்டாம்.

காலையில் மட்டும் ஜன்னல் கண்ணாடி தட்டப்பட்டு, வண்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் அது மயில், தன் நிழலோடு சண்டை போடுகிறது. கண்ணாடியை வெளிப்பக்கம் பேப்பரால் மூடுங்கள், தீர்ந்தது.

## சுவர் ஓரம் மண் குவிகிறது, தரை உள்வாங்குகிறது

பெருச்சாளி. சாக்கடையோ கோழிக்கூடோ பக்கத்தில் இருக்கும், அதைச் சுத்தம் பண்ணுங்கள். வளையை வெறும் மண் போட்டு மூடினால் மறுநாள் திறந்துவிடும். உடைந்த கண்ணாடி கலந்து சிமெண்ட் ஊற்றுவது நம்மூர்ப் பழைய வழக்கம், ஒரு வளைக்கு அது சரி. நிரந்தரமாக வேண்டுமென்றால் சுவரை ஒட்டி ஒரு அடி ஆழம் தோண்டி, அரை அங்குல வலையைச் செங்குத்தாக இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கி மண்ணை மூடுங்கள். தோண்டிக்கொண்டு வருவது மடக்கிய வலையில் முட்டி நின்றுவிடும். கோழிக்கூட்டுக்கும் இதே முறைதான்.

தரை ஏற்கெனவே இறங்கி, சுவரில் சாய்வாக விரிசல் ஓடினால் வலை அடிக்கிற கட்டம் தாண்டிவிட்டது. கட்டட இன்ஜினியரைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## கோழி, ஆடு, நாய் காணாமல் போகிறது

கோழியை ஒன்றிரண்டாகப் பகலில் கொண்டு போனால் கீரி. முட்டை மட்டும் போனால் உடும்போ நாகமோ. ராத்திரியில் இறகு சிதறிக் கிடந்தால் வெருகு அல்லது மரநாய். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: கூட்டுக்குக் கூரையும் தரையும் வலையும், பொழுது சாயும் முன் தாழ்.

ஆடு அல்லது கட்டிய நாய் போனால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் தடத்தைப் பாருங்கள், நகம் பதியாமல் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக இருந்தால் சிறுத்தையாக இருக்கலாம். மிதிக்காமல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள். செத்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது, இழப்பீட்டுக்கு அந்த இடத்தை அவர்கள் பார்க்க வேண்டும். சிறுத்தை காட்டோரத்தில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரியில் கோவை பி.கே.புதூரில் ஒரு பழைய குடோனுக்குள் புகுந்து நாள்கணக்கில் உள்ளேயே கிடந்து, கடைசியில் கூண்டில் சிக்கியது.

பட்டி வெறும் மூங்கில் தட்டியாக இருந்தால் சுவர் தாண்டுகிற விலங்குக்கு அது தடையே இல்லை, மேலேயும் வலை வேண்டும். நாயை வெளியே சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள், தப்பிக்க வழியில்லாத தீனி அது. வீட்டு அறைக்குள் சிறுத்தை புகுந்துவிட்டால் வெளியிலிருந்து கதவைத் தாழிட்டுவிட்டு எல்லோரும் விலகுங்கள். ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் வீடியோ எடுப்பதும் ஆளைக் கொல்லும்.

## அரிசி வைத்த அறையின் சுவர் இடிகிறது

யானை. தடாகம், நரசீபுரம், மேட்டுப்பாளையம், வால்பாறை, தாளவாடி பக்கத்துக்காரர்களுக்கு இது. யானைக்கு வலையும் ரப்பர் பட்டையும் கிடையாது. மோப்பம்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறது, எனவே இங்கே எல்லா வேலையும் வாசத்தைக் குறைப்பதில்தான். ரேஷன் அரிசி, உப்பு, வெல்லம், புளி, தவிடு, பலாப்பழம், வாழைத்தார், வீட்டில் ஊற வைத்த எதுவாக இருந்தாலும் வெளிச் சுவரை ஒட்டிய அறையில் வைக்கக் கூடாது. நடு அறையில், மூடி இறுகிய டிரம்மில், ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரே தடவை வாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. காட்டோரத்தில் பலா, வாழை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் பழுக்கும் முன் வெட்டிவிடுங்கள். வீட்டுக்குக் காடு பார்த்த பக்கத்தில் சமையலறையைக் கட்டாதீர்கள், புதுசாகக் கட்டுகிறவர்களுக்கு நான் கேட்காமலே சொல்கிற முதல் விஷயம் இதுதான்.

பிடித்துக்கொண்டு போய்விட்டால் தீரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2019-இல் தடாகம் பக்கத்திலிருந்து சின்னத்தம்பி என்கிற யானையைப் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள், அங்கிருந்து இறங்கி நடந்து உடுமலை அமராவதி சர்க்கரை ஆலைப் பக்கத்துக் கரும்புக் காட்டில் வந்து நின்றது, மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் அடைக்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் பிடிபட்ட யானைக்கு ஜனங்கள் வைத்த பெயரே அரிசிராஜா. ருசி பழகிய பிறகு திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்த இரண்டு பெயரும் போதும், பழகுவதற்கு முன்னாலேயே அரிசியை எடுத்துவிடுங்கள்.

ராத்திரி சுவர் ஓரத்தில் மூச்சுச் சத்தமோ கிளை முறியும் சத்தமோ கேட்டால் கதவைத் திறக்காதீர்கள். எதிர்ப்பக்கத்து அறைக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், விளக்கைப் போட்டுவிட்டு, வனச்சரகத்துக்குப் போன் பண்ணுங்கள். அக்கம்பக்கத்தார் வந்து பட்டாசு வெடித்துக் கல்லெறிந்தால் யானை பயந்து உங்கள் சுவர் மேல்தான் சாயும். வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று போனுக்குச் செய்தி அனுப்புகிற, ஆபத்தான இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிற ஏற்பாடு பல வருஷமாக நடக்கிறது, அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் எண்ணைப் பதிந்து வையுங்கள்.

வேலிக்கு நேரடிக் கரண்ட் கொடுக்கிற வேலையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. யானையும் சாகும், விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்துத் தோட்டத்து ஆளும் சாவார். சோலார் மின்வேலி விட்டு விட்டு அடிக்கிற அதிர்ச்சிதான் கொடுக்கும், உயிர் போகாது. ஆனால் 2023-இல் வந்த விதிப்படி தமிழ்நாட்டில் அதைப் பதிவு செய்துதான் போட வேண்டும், வனத்துறையைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். சுவர் இடிந்தால் சரிசெய்வதற்கு முன் போட்டோ எடுத்து இழப்பீட்டுக்கு மனு கொடுத்துவிடுங்கள்.

## பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறீர்கள்

திருப்பூரில் வேலை, பெங்களூரில் பிள்ளைகள் என்று அப்புச்சி (தாத்தா) வீட்டைப் பூட்டிவிட்டு நோம்பிக்கு (பண்டிகைக்கு) மட்டும் வருகிறவர்களுக்கு. பகலில் திறங்கள், ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். உள்ளே போகும்போது ஷூ, கையில் கம்பு, டார்ச். பாயையும் மெத்தையையும் நுனியைப் பிடித்து உதறிய பிறகுதான் தொட வேண்டும், செருப்பைக் கவிழ்த்துத் தட்டுங்கள், பழைய துணி மூட்டையில் கையை விடாதீர்கள். அட்டாலி கடைசியில். கழிவறையில் மூன்று நான்கு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், பல மாதம் உலர்ந்து கிடந்த குழாய் வளைவில் தண்ணீர் நின்றால்தான் பூச்சி வராது.

திரும்பிப் பூட்டும்போது தானியம் ஒரு பிடி கூட உள்ளே விடாதீர்கள், ஜாலி மூடிகளின் மேல் தட்டைக் கல் வையுங்கள், கதவு அடியில் ரப்பர் பட்டை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்படியே வெளியே வந்து செப்டிக் டேங்க் வென்ட் பைப்பின் தலையையும் பாருங்கள். மூடியில்லாமல் திறந்து கிடந்தால் ஹார்டுவேர் கடையில் கவுல் என்று கேட்டு வாங்கி, உள்ளே ஒரு துண்டு வலை வைத்து மாட்டிவிட்டுக் கிளம்புங்கள்.